அளவறிந்து அணிதல்

ஆடை மனிதனுக்கு மூன்று வகையில் உதவுகின்றது. வெயிலிலும் குளிரிலும் உடலைக் காக்கின்றது, மானத்தைக் காக்கின்றது, தோற்றத்திற்கு அழகு சேர்க்கின்றது. இம்மூன்றும் எல்லோரும் அறிந்தவை. இவற்றோடு சில உடைகளுக்கு நான்காவது வேலையும் ஒன்று உண்டு. உடலின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்பதே அவ்வேலை. காலணி பாதத்தைத் தாங்குகின்றது. பெண்கள் மேலாடைக்குள் அணியும் கச்சு மார்பகத்தைத் தாங்குகின்றது. காலுக்குப் பொருந்தாத செருப்பை யாரும் விரும்பி வாங்குவதில்லை. கடையில் போட்டுப் பார்த்து, நாலடி நடந்து பார்த்து, கடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே விலை பேசுகின்றோம். கச்சை மட்டும் அளவெடுக்காமல், அணிந்து பாராமல், கூச்சத்தோடு கேட்டு, காகிதத்தில் சுற்றித் தந்ததை அப்படியே பெற்றுக்கொண்டு வருவோர் இன்றும் பலர்.

கச்சு என்பது பழைய சொல். பேச்சுவழக்கில் இதனைப் 'பாடி' என்போரும் உளர். இன்று எங்கும் பரவியுள்ள சொல் 'பிரா' என்பதே. ஆதலின் நானும் அச்சொல்லையே ஆளுகின்றேன். நிறைந்த மார்பகம் உடைய பெண்களுக்குப் பொருந்தும் பிராவையும் நீச்சலுடையையும் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

இது பெண்கள் தமக்குள் தனித்துப் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி அன்றோ, மாணவர்களுக்கு முன் பேசத்தக்கதா என்று சிலர் ஐயுறலாம். பிரிட்டனில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 11 முதல் 18 வயது வரையுள்ள 2,089 பள்ளி மாணவியரிடம் கேட்டறிந்த செய்திகளை 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தம் மார்பகத்தின் காரணமாக விளையாட்டு வகுப்பில் முழுமனத்தோடு ஈடுபட இயலவில்லை என்று அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் கூறினர். ஓடும்போது ஏற்படும் அசைவு, பிறர் பார்ப்பார்களே என்னும் நாணம், வலி ஆகியவை அவர்களைத் தடுத்தன. அதே மாணவியருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர், இதைப் பற்றி அறிந்துகொள்ள விரும்புகின்றோம் என்றும் கூறினர். ஓடவும் நீந்தவும் வேண்டிய வயதில் ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்துவிடுகின்றாள். கேட்டால் உடம்பு சரியில்லை என்கின்றாள். அவளுக்குத் தேவையானது பெரும்பாலும் ஓர் அளவு நாடாவும், அதைப் பயன்படுத்தும் அறிவுமே. ஆதலின் இது கல்வியின்பாற்பட்ட செய்தியே ஆகும். ஆண் மக்களும் இதை அறிவது நன்று. அவர்களுக்கும் சகோதரியர் உளர். நாளை அவர்களுள் சிலர் மருத்துவராகவும் விளையாட்டு ஆசிரியராகவும் துணி வணிகராகவும் வருவார்கள்.

முதலில் உடலின் அமைப்பைப் பார்ப்போம். மார்பகத்தினுள் தசை கிடையாது. பால் சுரக்கும் சுரப்பிகளும், அவற்றைச் சூழ்ந்த கொழுப்புமே அதில் உள்ளன. விலா எலும்பின்மேல் படர்ந்துள்ள மார்புத் தசை இவற்றுக்கு அடியில் இருக்கின்றது. சுரப்பிகளுக்கும் கொழுப்புக்கும் ஊடே மெல்லிய நார்கள் ஓடித் தோலையும் அடித்தசையின் உறையையும் இணைக்கின்றன. ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் என்பார் 1840-ஆம் ஆண்டில் மார்பகத்தின் அமைப்பைப் பற்றி எழுதிய நூலில் இவற்றை விளக்கினார். அதனால் இவை இன்றும் 'கூப்பர் நார்கள்' என்றே வழங்குகின்றன. இந்த நார்களும் மேல்தோலுமே மார்பகத்திற்கு இயற்கை அளித்துள்ள தாங்கிகள். பயிற்சி செய்து கையை வலுப்படுத்துவது போல மார்பகத்தை வலுப்படுத்த இயலாது. அதில் வலுப்பெறுவதற்குத் தசையே இல்லை.

நிறைந்த மார்பகம் ஒன்று அரைக் கிலோ எடை இருக்கலாம். சிலரிடம் ஒரு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டுமே அசைகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். அசைவைக் கருவிகளால் அளந்து பார்த்தவர்கள், அது பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் கூட அசைகின்றது என்று கண்டனர். மூன்று திசை அசைவும் சேர்ந்து, 8 என்னும் எண்ணை எழுதுவது போன்ற பாதையில் அது செல்கின்றது. ஒவ்வோர் அடிக்கும் தோலும் நாரும் இழுபடுகின்றன. வலி இதனால் விளைவது. 2012-ஆம் ஆண்டின் லண்டன் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்ட பெண்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமக்கு மார்பக வலி உண்டு என்றனர். நெடுந்தொலைவு ஓடிப் பழகியவர்களுக்கே இந்நிலை என்றால், பள்ளி மைதானத்தில் முதன்முதலாக ஓடும் சிறுமியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் இந்த எடையை எங்கே இறக்கி வைப்பது? கிணற்றடியிலிருந்து நீர் கொணரும் பெண், குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்கின்றாள். அதே குடத்தை ஒரு கயிற்றில் கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளச் சொன்னால், நாலடி செல்வதற்குள் கயிறு தோளை அறுத்துவிடும். சுமை அதே சுமைதான். தாங்கும் இடந்தான் வேறு. பிராவிலும் இதே நிலைதான். மார்பகத்திற்குக் கீழே விலாவைச் சுற்றி வரும் அடிப்பட்டையே எடையின் பெரும்பங்கைத் தாங்கவேண்டும். கப் என்று சொல்லப்படும் கிண்ணப் பகுதி மார்பகத்தை ஏந்திக்கொள்ளவேண்டும். கப்பின் அடியில் வளைந்து செல்லும் கம்பி, எடையை அடிப்பட்டைக்குக் கொண்டு செல்லவேண்டும். தோள்வார்களின் வேலை கப்பின் மேல்விளிம்பை உடலோடு ஒட்டி நிறுத்துவதே. தோளில் பள்ளம் விழும்படி வார் அழுத்துகின்றது என்றால், அடிப்பட்டை தன் வேலையைச் செய்யவில்லை என்பது பொருள்.

இந்த உடை இன்றைய உருவத்தை அடைந்த வரலாறு சுவையானது. முற்காலத்து ஐரோப்பியப் பெண்கள், மார்பு முதல் இடுப்பு வரை இறுக்கிக் கட்டும் கடினமான 'கார்செட்' என்னும் உடையை அணிந்தனர். அது மார்பகத்தைக் கீழிருந்து மேலே தள்ளி நிறுத்தியது; மூச்சையும் அடக்கியது. பாரிஸ் நகரில் ஹெர்மினி கடோல் என்னும் பெண்மணி 1889-ஆம் ஆண்டளவில் அதை இரண்டாகப் பிரித்தார். மேற்பகுதி தோள்வார்களால் தாங்கப்பட்டது. பிறகு 1914 நவம்பர் 3-ஆம் நாள், நியூயார்க்கைச் சேர்ந்த மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்னும் இளம்பெண் ஒரு புதிய அமைப்பிற்கு அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார். இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துத் தைத்த உடையிலிருந்து பிறந்தது அது. மெல்லியது, அணிய எளியது. ஆயினும் அது மார்பகத்தைத் தட்டையாக அமுக்கியதேயன்றித் தாங்கவில்லை. சிறிய உடற்கட்டு உடையவர்களுக்கு அது போதுமானதாய் இருந்தது. நிறைந்த மார்பகம் உடையவர்களுக்கு ஒரு துணையும் செய்யவில்லை.

அவர்களுக்கு வழி பிறந்தது 1922-ஆம் ஆண்டில். நியூயார்க்கில் ஆடை தைக்கும் கடை நடத்திய இனிட் பிசெட், ஐடா ரோசென்தால் என்னும் இருவரும், ஐடாவின் கணவர் வில்லியமும் சேர்ந்து 'மெய்டன்பார்ம்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். மார்பு தட்டையாகத் தோன்றுவதே நாகரிகம் என்று கருதப்பட்ட காலம் அது. தாம் தைத்த கவுன்கள் அவ்வாறு அமுக்கப்பட்ட உடலில் சரியாகப் படியவில்லை என்று அவர்கள் கண்டனர். உடலை ஆடைக்காக மாற்றுவதைவிட உள்ளுடையை உடலுக்காக மாற்றுவதே முறை என்று துணிந்து, இருபுறமும் தனித்தனியே ஏந்தும் கப் அமைந்த பிராவைத் தைத்தனர். பத்தாண்டு கழித்து, 1932-இல், மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் இருந்த எஸ். எச். கேம்ப் என்னும் நிறுவனம், மார்பகத்தின் அளவை ஏ, பி, சி, டி என்னும் நான்கு எழுத்துகளால் குறிக்கத் தொடங்கியது. இன்று பிராவின்மீது நாம் காணும் எழுத்து அதன் வழிவந்ததே.

இந்த எழுத்தைப் பற்றித்தான் மக்களிடையே பெருங்குழப்பம் நிலவுகின்றது. டி என்றால் மிகப் பெரியது, ஏ என்றால் மிகச் சிறியது என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. பிராவின் அளவு ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் சேர்ந்தது. எண், மார்பகத்திற்குக் கீழே விலாவின் சுற்றளவு. எழுத்து, அந்தச் சுற்றளவுக்கும் மார்பின் மிகப் பருத்த பகுதியின் சுற்றளவுக்கும் உள்ள வேறுபாடு. பிரிட்டிஷ் முறையில் வேறுபாடு 1 அங்குலமானால் ஏ. 2 அங்குலமானால் பி. 3 ஆனால் சி. 4 ஆனால் டி. 5 ஆனால் இரட்டை டி. 6 ஆனால் இ. 7 ஆனால் எப். 8 ஆனால் இரட்டை எப். 9 ஆனால் ஜி. இவ்வாறே அது மேலும் செல்லும். எழுத்து தனித்து நின்று எதையும் கூறாது. எண்ணோடு சேர்ந்தே பொருள் தரும். 30 டி, 32 சி, 34 பி, 36 ஏ ஆகிய நான்கு பிராக்களிலும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. மெலிந்த உடலில் டி என்பது சிறிய அளவாகவும் இருக்கலாம். டி, இ, எப் என்னும் எழுத்தைக் கேட்டு நாணமடையக் காரணம் ஏதுமில்லை. அது ஒரு கழித்தல் கணக்கின் விடை, அவ்வளவே.

இக்கணக்கு தவறும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றேன். ஒரு கல்லூரி மாணவிக்கு விலாவின் சுற்றளவு 30 அங்குலம். மார்பின் சுற்றளவு 37 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 7. ஆகவே அவளுடைய அளவு 30 எப். ஆனால் நெடுங்காலமாகப் பல கடைகளில் வழங்கிவரும் வேறொரு முறை உண்டு. விலாவின் அளவோடு 4 அங்குலம் கூட்டிக்கொள் என்பது அம்முறை. 30-உடன் 4 கூட்டினால் 34. அதை 37-லிருந்து கழித்தால் 3, அதாவது சி. அவளுக்கு 34 சி என்று எழுதிய பெட்டி தரப்படுகின்றது. அதன் அடிப்பட்டை அவளுடைய உடலைவிட 4 அங்குலம் தளர்ந்தது. அதன் கப் அவளுக்கு வேண்டியதைவிட இரண்டு படி சிறியது. என்ன நிகழும்? தளர்ந்த பட்டை முதுகில் மேலே ஏறும். அதை ஈடுசெய்ய அவள் தோள்வாரை இறுக்குவாள். வார் தோளை அறுக்கும். கப் போதாமையால் மார்பகம் மேலும் பக்கத்திலும் பிதுங்கும். கம்பி குத்தும். மாலையில் கழுத்தும் தோளும் வலிக்கும். முடிவில் அவள், "குறை என் உடம்பில்தான்" என்று எண்ணிக்கொள்வாள். உண்மையில் குறை கணக்கில் இருக்கின்றது.

இரண்டாவது காரணம் வணிகத்தைச் சார்ந்தது. மிகுதியாக விற்கும் அளவுகளையே கடைக்காரர் வாங்கி வைப்பார். 32 முதல் 38 வரை நான்கு எண்கள், ஏ முதல் டி வரை நான்கு எழுத்துகள் என்று கொண்டால் 16 அளவுகள் ஆகின்றன. 28-லிருந்து 44 வரையும், எழுத்து ஜே வரையும் வைக்கவேண்டுமானால் நூற்றுக்கு மேற்பட்ட அளவுகள் தேவைப்படும். ஆதலின் 1932-இல் பிறந்த நான்கு எழுத்துகளோடு நின்றுவிட்ட கடைகள் பல. அங்கே செல்லும் பெண்ணுக்கு அவளுடைய அளவு கிடைப்பதில்லை. கடையில் உள்ள அளவுகளுள் நெருங்கியது கிடைக்கின்றது. பிரிட்டனில் சாரா டிரெமெல்லன் என்னும் பெண்மணி, மகப்பேற்றின்போது தம் அளவு பெருகியதனால் பொருந்தும் உள்ளுடை கிடைக்காமல் அலைந்தார். அதன் விளைவாக அவர் 1995-ஆம் ஆண்டில் 'பிராவிசிமோ' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். டி முதலான பெரிய கப் அளவுகளுக்கென்றே பிராவும் நீச்சலுடையும் விற்கும் நிறுவனம் அது. முதலில் அஞ்சல் வழியாக விற்றது, பின்னர்க் கடைகளும் திறந்தது. தேவை எவ்வளவு இருந்தது என்பதற்கு அதன் வளர்ச்சியே சான்று.

இனி, அளவெடுக்கும் முறையைக் காண்போம். இதற்குத் தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவும் ஒரு கண்ணாடியும் போதும். நேராக நின்று, மூச்சை வெளியே விட்டு, மார்பகத்திற்குச் சற்றுக் கீழே விலாவைச் சுற்றி நாடாவைச் சிறிது இறுக்கமாகப் பிடித்து அளக்கவேண்டும். நாடா முதுகிலும் முன்புறத்திலும் ஒரே மட்டத்தில் இருப்பது இன்றியமையாதது. கிடைத்த எண் ஒற்றைப்படையானால், அடுத்துள்ள இரட்டைப்படை எண்கள் இரண்டையும் அணிந்து பார்க்கவேண்டும். பிறகு மார்பின் பருத்த பகுதியைச் சுற்றி, அழுத்தாமல், தளரவும் விடாமல் அளக்கவேண்டும். நிறைந்த மார்பகம் உடையவர்கள் சற்று முன்குனிந்து மீண்டும் ஒருமுறை அளந்து, இரண்டின் நடுவளவைக் கொள்வது நல்லது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் எழுத்து கிடைக்கும்.

இவ்வாறு கிடைத்த அளவை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. அது தேடலின் தொடக்கம். ஒரு நிறுவனத்தின் 32 மற்றொன்றின் 32-க்குச் சரியாக ஒத்திருப்பதில்லை. நாட்டுக்கு நாடும் முறை வேறுபடும். நம் நாட்டுக் கடைகளில் அங்குல எண்ணே மிகுதியாகக் காணப்படும். ஐரோப்பாவில் சென்டிமீட்டர் எண் வழங்குகின்றது. பிரிட்டனில் 34 என்பது ஜெர்மனியில் 75, பிரான்சிலோ 90. எழுத்திலும் டி-க்கு மேல் ஒவ்வொரு நாட்டு வரிசையும் வெவ்வேறாகச் செல்லும். ஆகவே அணிந்து பார்த்தே வாங்கவேண்டும். அதற்கு வசதியில்லையெனில், மாற்றித் தர இசையும் கடையில் வாங்கவேண்டும்.

அணிந்து பார்க்கும்போது ஐந்து இடங்களை நோக்குக. முதலாவது, அடிப்பட்டை. அது முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும், முதுகில் ஏறலாகாது. அதன்கீழ் இரண்டு விரல் நுழையலாம். கை முழுதும் நுழைந்தால் தளர்வு. புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்த கொக்கியிலேயே, பட்டை பிடிப்பாக இருக்கவேண்டும். நாளடைவில் எலாஸ்டிக் தளரும்போது உள்கொக்கிகளுக்கு மாற்றிக்கொள்ளவே அவை வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, நடுப்பகுதி. கம்பி உள்ள பிராவில், இரு கப்புகளுக்கும் இடையே உள்ள துண்டு நெஞ்செலும்பின்மேல் ஒட்டியிருக்கவேண்டும். விலகி நின்றால் கப் சிறியது. மூன்றாவது, கம்பி. அது மார்பகத்தின் அடிவரையைச் சுற்றிச் செல்லவேண்டும்; மார்பகத்தின்மேலே அமரலாகாது. நான்காவது, கப்பின் விளிம்பு. விளிம்பில் பிதுங்கினால் பெரிய கப் வேண்டும். துணி சுருங்கி நின்றால் சிறியது வேண்டும். ஐந்தாவது, தோள்வார். அதன்கீழ் ஒரு விரல் எளிதில் நுழையவேண்டும். இவற்றை நோக்கிய பிறகு, கைகளை உயர்த்தியும், குனிந்தும், ஒருமுறை குதித்தும் பார்க்கவேண்டும். நிற்கும்போது பொருந்துவது மட்டும் போதாது.

பட்டை சரியாக இருந்து கப் மட்டும் போதாவிட்டால் எழுத்தை மாற்றவேண்டும், எண்ணை மாற்றலாகாது. பலரும் 32 இறுக்குகின்றது என்று 36-க்குப் போய்விடுகின்றனர். உண்மையில் இறுக்கியது பட்டையன்று. போதாத கப்பே பட்டையை முன்னால் இழுத்தது. மற்றொன்று: இரு மார்பகங்களும் முற்றிலும் ஒத்த அளவில் இருப்பது அரிது. பெரியதற்குப் பொருந்துவதை வாங்கி, மற்றதன் வாரைச் சிறிது இறுக்கிக்கொள்ளலாம். வளரும் பருவத்துப் பெண்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் அளந்து பார்ப்பது நலம். சென்ற ஆண்டின் செருப்பு இவ்வாண்டு பொருந்தாததைப் போன்றதே இதுவும்.

விளையாடும்போது இன்னும் வலுவான தாங்குதல் வேண்டும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 1977-ஆம் ஆண்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்னும் மூவர் ஓட்டப் பயிற்சிக்கென்று ஒரு பிராவை உருவாக்கினர். ஆடவர் விளையாட்டின்போது அணியும் தாங்குடை இரண்டைச் சேர்த்துத் தைத்ததே அதன் முதல் மாதிரி. 1979-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவர்கள் பெயர்கள் 2022-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தின் புகழ்வரிசையில் சேர்க்கப்பட்டன. அந்த முதற்பிரா மார்பகத்தை உடலோடு அமுக்கி அசைவைக் குறைத்தது. சிறிய அளவினர்க்கு இம்முறை போதும். நிறைந்த மார்பகத்திற்கு ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கப்பில் ஏந்தி, அதன்மேல் சிறிது அமுக்கவும் செய்கின்ற இருவகை இணைந்த பிராவே ஏற்றது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவில் விற்பதைவிட, எண்ணும் எழுத்தும் குறித்து விற்பதையே தேர்ந்தெடுக்கவேண்டும். அகன்ற வாரும், நீளாத துணியும், பின்புறக் கொக்கியும் உள்ளவை மிக உதவும்.

இனி நீச்சலுடைக்கு வருவோம். தண்ணீருக்குள் மார்பகம் பாரமாகத் தோன்றுவதில்லை. கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. ஆதலின் அது மிதக்க முயல்கின்றது. ஆனால் குளத்தின் படியில் ஏறி வெளியே வந்தவுடன் எடை முழுதும் திரும்பிவிடுகின்றது. அதனோடு ஈரத்துணியின் எடையும் சேர்கின்றது. நீச்சலுடை இவ்விரு நிலையிலும் பணிபுரிய வேண்டியிருக்கின்றது. நீருக்குள் மார்பகம் விலகாமல் நிறுத்தவேண்டும். நீருக்கு வெளியே தாங்கவேண்டும். பெண்கள் ஒலிம்பிக் நீச்சலில் முதன்முதல் கலந்துகொண்டது 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில். ஆஸ்திரேலியாவின் பானி டுராக் அப்போது 100 மீட்டர் போட்டியில் வென்றார். அக்காலத்தில் பெருவழக்காயிருந்த கம்பளி நீச்சலுடைகள் நீரை உறிஞ்சிப் பாரமாகித் தொங்கின. தாங்குதல் என்ற பேச்சுக்கே அவற்றில் இடமில்லை. 1930-களில் ரப்பர் இழை கலந்த துணி வந்தது. 1958-இல் வர்ஜீனியா மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் என்னும் செயற்கை இழையை உருவாக்கினார். 'லைக்ரா' என்ற பெயரில் நாம் அறிந்தது இதுவே. பல மடங்கு நீண்டும் பழைய நிலைக்கே திரும்பும் இவ்விழையால், உடலோடு ஒட்டியும் அசைவுக்கு இடங்கொடுத்தும் நிற்கும் நீச்சலுடை தைப்பது எளிதாயிற்று.

துணி மேம்பட்டும், அளவுமுறை மேம்படாமலே இருந்தது. நீச்சலுடைக்குப் பொதுவாக ஒரே எண் அல்லது ஒரே எழுத்துதான். அந்த ஓர் அளவு மார்பு, இடுப்பு, உடலின் நீளம் எல்லாவற்றுக்கும் பொருந்தவேண்டும். முன்னே கூறிய 30 எப் அளவுள்ள மாணவி இடுப்பைக் கருதி வாங்கினால் மார்புக்குப் போதாது. மார்பைக் கருதி வாங்கினால் இடுப்பில் பை போல நீர் தேங்கும். இதற்கு வழி இரண்டு. ஒன்று, பிராவைப் போலவே எண்ணும் எழுத்தும் குறித்து விற்கப்படும் நீச்சலுடை. அதனுள் உண்மையான கப்பும், அடிப்பட்டையும், சிலவற்றில் கம்பியும் மறைவாகத் தைக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, மேலும் கீழும் தனித்தனி அளவில் வாங்கத்தக்க இரண்டு துண்டு உடை. உடலை முழுதும் மறைக்கும் நீச்சலுடையை விரும்புவோர், அதனடியில் விரைவில் உலரும் துணியாலான விளையாட்டு பிராவை அணியலாம். பருத்திப் பிராவை அணிந்து நீந்துவது நன்றன்று. அது நீரை உறிஞ்சிப் பாரமாகும், தளரும்.

நீச்சலுடையின் வார்கள் அகன்றனவாயும், நீளத்தை மாற்றத்தக்கனவாயும் இருக்கட்டும். கழுத்தின் பின்னால் முடிச்சிடும் வகை, எடை முழுவதையும் கழுத்தில் ஏற்றிவிடும். நிறைந்த மார்பகம் உடையவர்களுக்கு அது சற்று நேரத்திலேயே வலி தரும். கடையில் அணிந்து பார்க்கும்போது, நீந்துவது போலக் கைகளைச் சுழற்றியும் முன்குனிந்தும் பார்க்கவேண்டும். ஈரமானவுடன் துணி சிறிது தளருமாதலால், உலர்ந்திருக்கும்போது பிடிப்பாகவே இருக்கவேண்டும். குளத்து நீரில் கலக்கப்படும் குளோரின் லைக்ரா இழையை நாளடைவில் நைத்துவிடும். ஆகவே நீந்தி வந்தவுடன் நல்ல நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்தவேண்டும். பிராவுக்கும் இதுவே முறை. ஒரே பிராவை நாள்தோறும் அணியாமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அணிந்தால் எலாஸ்டிக் நெடுநாள் நிலைக்கும்.

இறுதியாக, மக்களிடையே உலவும் ஓர் அச்சத்தைப் பற்றியும் கூறவேண்டும். பிரா அணிந்தால் புற்றுநோய் வரும் என்று சிலர் பரப்புகின்றனர். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், மாதவிடாய் நின்ற 1,500-க்கு மேற்பட்ட பெண்களிடம் இதை ஆராய்ந்து, 2014-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பிரா அணிவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. கட்டி, நீங்காத வலி, தோலில் மாற்றம் ஆகியவை தோன்றினால் மட்டும், பிராவின்மேல் பழிபோட்டுக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கண்ணுக்குக் கண்ணாடி அணியச் சோதனை செய்துகொள்வதை இழுக்காக யாரும் எண்ணுவதில்லை. மார்பகத்திற்கேற்ற உடையை அளந்து அணிவதும் அத்தகையதே. தாய்மார் தம் பெண்மக்களுக்கு இதைத் தாமாகவே சொல்லித்தரட்டும். விளையாட்டு வகுப்பில் ஒதுங்கி நிற்கும் மாணவியை ஆசிரியை கடிந்துகொள்ளாமல், தனியே அழைத்துக் காரணத்தைக் கேட்கட்டும். மாணவியரே, நீங்கள் உங்கள் உடலை உடைக்கேற்பக் குறுக்கிக்கொள்ள வேண்டுவதில்லை. தோளை முன்னே வளைத்து, புத்தகங்களை மார்போடு அணைத்து நடக்க வேண்டுவதுமில்லை. நாடாவை எடுத்து, அளந்து, கழித்துப் பாருங்கள். வந்த விடை எந்த எழுத்தாயினும் அதைக் கூசாமல் கடையில் கேளுங்கள். பிறகு மைதானத்திலும் நீச்சற்குளத்திலும் உங்களுக்குரிய இடத்திற்குச் செல்லுங்கள்.